சம்பளத்தோடு ஒரு செவ்வாய்க்கிழமை

அரசாங்க வேலை கிடைத்த முதல் வருஷம், எனக்குச் சம்பளத்தைவிட லீவுதான் பெரிய அதிசயமாக இருந்தது. மாதத்துக்கு ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை. தைப்பொங்கல், சிவராத்திரி, சித்திரை வருஷம், வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் என்று கலண்டரில் நாட்கள் வரிசையாக நிற்கும். அதற்கு மேல் கெஷுவல் லீவு இருபத்தொன்று, வெக்கேஷன் லீவு இருபத்துநாலு. இத்தனை நாளும் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாலும் சம்பளத்தில் ஒரு சதம் குறையாது என்று லீவுப் பிரிவு ஞானசீலன் சேர் சொன்னபோது, நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்தவளை வைத்துக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் நாள் என்றால் பேர். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளை கூப்பிடும்போது கையைத் தூக்கி, மலைக்கு ஏறிக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு பேர், முழு நாள் கூலி. சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. தோட்டத்துக்கும் லீவுச் சம்பளம் என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறதுதான். அது வருஷக் கடைசியில் கணக்கோடு கணக்காக வந்து சேரும். அதை லீவு என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து அனுபவித்ததில்லை. அப்பா இறந்த ஐந்தாம் நாள் அம்மா பெரட்டில் நின்றாள். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, போகாத நாளுக்குச் சம்பளம் என்பது கொஞ்சம் வெட்கக்கேடாகக்கூட இருந்தது.

அந்த வெட்கம் மூன்று மாதத்தில் போயே போய்விட்டது. இப்போது எனக்கு இது மூன்றாவது வருஷம். பதுளைப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். கிழமை நாட்களில் பதுளையில் போர்டிங், சனி ஞாயிறு தோட்டத்தில். அடுத்த வருஷக் கலண்டர் வந்ததும், எந்தப் போயா வெள்ளிக்கிழமையில் விழுகிறது என்று முதலில் கண்டுபிடிக்கிற ஆள் நான்தான். பழகிவிட்டால் உரிமை தானாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

லீவு விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதில் 'சொந்த அலுவல்' என்று எழுதுவார்கள். கல்யாணம் என்றாலும் அதுதான், கிரிக்கெட் மேட்ச் என்றாலும் அதுதான். அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: நாம் இல்லாதபோது நம் வேலையைப் பார்ப்பவர் யார் என்று. அதில் ஒருவரைக் கையொப்பம் போட வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். மற்றபடி அது ஒன்றும் பெரிய காகிதம் இல்லை.

போன மாதம் ஒரு நாள் அம்மா போனில் பேசினாள். அவள் பெயர் கருப்பம்மா. பக்கத்து வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டதாம், தண்ணீர்க் குழாய் மறுபடி உடைந்துவிட்டதாம், தனக்கு அறுபது முடிகிறதால் தோட்டத்தில் கடிதம் கொடுத்துவிட்டார்களாம், பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமையோடு வேலை முடிகிறதாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியவள். நாற்பத்திரண்டு வருஷம். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் அலுவலகத்து டிரைவர் ஓய்வு பெற்றார். மாலை, கேக், நாலு பேச்சு, எல்லோரும் நின்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மனிதர் அழுதேவிட்டார். தோட்டத்தில் ஒருவர் வேலை முடித்தால், மறுநாள் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் விழா. யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா கையைத் தூக்கும்போது பக்கத்தில் நான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு எந்த மாலையும் கேக்கும் எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பத்தில் வழக்கம்போல 'சொந்த அலுவல்' என்று எழுதிக் கொடுத்தேன். உதவிப் பிரதேச செயலாளர் மேடம் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே செவ்வாய்க்கிழமை ஹாலிஎலப் பாடசாலையில் நடமாடும் சேவை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். தமிழில் படிவம் நிரப்ப ஆள் வேண்டும், யசோதினி, அதாவது நான், அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மறுக்க முடியாத நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞானசீலன் சேர் அப்புத்தளைக்காரர். முப்பது வருஷமாக லீவுக் கோப்போடு குடித்தனம் நடத்துகிறவர். கோடு போட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து, மெதுவாகக் குனிந்து யோசனை சொன்னார்: அன்று காலையில் போன் எடுத்து வயிற்றோட்டம் என்று சொல்லிவிடு மகள், வயிற்றோட்டத்தை எந்த மேடமும் விசாரிக்க மாட்டார். அனுபவத்தில் கண்ட உண்மைதான். ஆனால் அம்மாவின் நாற்பத்திரண்டு வருஷத்தை என் வயிற்றோட்டத்தில் கொண்டுபோய் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒரு படிவம் கேட்டேன்.

காரணக் கட்டம் சின்னது. பொடி எழுத்தில் இப்படி எழுதினேன்: 'எனது தாயார் திருமதி கருப்பம்மா இராசையா அவர்கள், நாற்பத்திரண்டு வருடங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, அன்றைய தினம் ஓய்வு பெறுகிறார். அவருடைய கடைசிப் பெரட்டில் உடன் நிற்பதற்காக.' எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அம்மாவின் பெயரை ஓர் அரசாங்கப் படிவத்தில் 'அவர்கள்' போட்டு எழுதியது அதுதான் எனக்கு முதல் தடவை.

அடுத்தது என் வேலையைப் பார்க்கும் ஆள். நான் கேட்பதற்கு முன்பே பக்கத்துக் கவுண்டர் ஸியாம் பேனாவைத் திறந்துவிட்டான். நடமாடும் சேவைக்கு அவன் பெயர் இல்லை. அன்றைக்கு அலுவலகத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

"நோன்பு மாசம் முழுக்க, நான் தொழப் போற நேரமெல்லாம் என் கவுண்டரையும் சேத்து நீங்கதானே பாத்தீங்க மிஸ்," என்று சொல்லிக் கையொப்பம் போட்டான்.

ஞானசீலன் சேர் படிவத்தை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். வழக்கமாக விண்ணப்பங்களைச் சிற்றூழியரிடம் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவார். அன்றைக்கு அவரே எழுந்து போனார். நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். மேடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சேர் அந்தக் கட்டத்தில் இருந்ததைச் சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பெரட்டு என்றால் என்ன என்றும் விளக்கினார். தன் தாயாரும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவர் என்று சேர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

மேடம் எத்தனை வருஷம் என்று திருப்பிக் கேட்டார். சேர் சொன்னார். அப்புறம் மேடம் என்னைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் உன் அம்மா எவ்வளவு லீவு எடுத்திருப்பார் என்று கேட்டார். என்னையும் அண்ணனையும் பெற்ற நாட்கள், அப்பா இறந்தபோது நாலு நாள், மற்றபடி காய்ச்சலில் படுத்த நாட்கள்தான் என்றேன். மேடம் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். கையொப்பம் போட்டு நீட்டினார். சேவை ஒன்பது மணிக்குத் தொடங்கும், ஸியாம் படிவத்தைப் பிழையாக நிரப்பினால் புதன்கிழமை உன்னிடம்தான் கேட்பேன் என்றார். நான் அந்தக் காகிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை வேலை விட்டு பஸ் பிடித்து, விளக்கு வைத்த நேரத்துக்கு லயத்தில் போய் இறங்கினேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கண்டதும் நடுங்கிப்போனாள். நாளைக்குப் போயாவா என்று கேட்டாள். இல்லை என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை. அப்படியானால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தோட்டத்தில் நோய் வருத்தமும் இல்லாமல், திருவிழாவும் இல்லாமல், வேலை நாளில் ஒருவர் வீட்டில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"வேலைய நிப்பாட்டிட்டாங்களா புள்ள?" என்றாள்.

லீவு அம்மா, உன் கடைசி நாளுக்குத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன் என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தன்னால் என் பேர் போகிறதே என்று தலையில் கை வைத்தாள். பேர் போகாது, நாளைக்கும் எனக்குச் சம்பளம் உண்டு என்றேன். அதை அவள் பொய் என்று முடிவு செய்துவிட்டாள். போயாவுக்குச் சம்பளம் வருவதை அவள் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அலுவலகம், அவள் சொல்லில் கந்தோர், பூட்டியிருக்கிறது, பூட்டியது அவர்கள் பிழை. ஆனால் கந்தோர் திறந்திருக்க, ஊரெல்லாம் வேலை செய்ய, ஒருத்தி மட்டும் இங்கே வந்து நிற்பாளாம், அதற்கும் காசு வருமாம்.

"போகாத நாளுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? என்னைய ஏமாத்தாத. காலையில மொதல் பஸ்ஸுல எறங்கிப் போயி அவங்க கையக் காலப் புடி."

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இருபத்தொன்று, இருபத்துநாலு என்று விளக்க விளக்க, நான் செய்த குற்றம் பெரிது என்றுதான் அவளுக்குப் பட்டது. அவள் சாப்பிடவே இல்லை. விடியற்காலை எழுந்து பார்த்தால் எனக்குச் சோறு கட்டி வைத்திருந்தாள், கந்தோருக்குக் கொண்டுபோக. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பஸ் பக்கம் திரும்பாமல் அவள் பின்னாலேயே பெரட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரட்டுக் களத்தில் பனி இன்னும் கலையவில்லை. அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா தன் இடத்தில் போய் நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு. கருப்பம்மா மகளுக்கு வேலை போய்விட்டதாம் என்ற பேச்சு எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. லயத்துச் சுவருக்குக் காது மட்டுமா, வாயும் உண்டு. இந்த லயத்திலிருந்து அரசாங்கச் சம்பளம் வாங்கப் போன முதல் பொம்பளைப் பிள்ளை நான். அந்தப் பெருமையை அம்மா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நேராக நிமிர்ந்து நடப்பாள். அவளுடைய கடைசி நாளில் அவள் தலையைக் குனிய வைத்தது நான்தான்.

கணக்கப்பிள்ளை வீரசிங்கம் பேரேட்டோடு வந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

"என்ன பாப்பா, வேலை நாளுல இங்க நிக்கிற? என்னமோ சொல்லிக்கிறாங்களே," என்றார்.

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் சொல்வதில் பிரயோசனமில்லை என்று முந்தின ராத்திரியே கண்டுகொண்டேன். இங்கே எல்லோருக்கும் எழுத்தில் இருப்பதுதான் உண்மை; கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் இல்லாத நாள் நடக்காத நாள். போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு என்ன தோன்றியதோ, பேர் கூப்பிடுகிற அதே குரலில், களம் முழுக்கக் கேட்க வாசித்தார். எனது தாயார், திருமதி கருப்பம்மா இராசையா அவர்கள். நாற்பத்திரண்டு வருடங்கள். கடைசிப் பெரட்டில் உடன் நிற்பதற்காக. சம்பளத்துடன் லீவு அனுமதிக்கப்படுகிறது. கீழே உதவிப் பிரதேச செயலாளர் கையொப்பம், முத்திரை. முத்திரையில் இருந்ததையும் விடவில்லை.

வாசித்து முடித்துப் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "இந்தாங்க மிஸ்," என்றார். பிறந்ததிலிருந்து பாப்பா என்று கூப்பிட்டவர்.

அப்புறம் பேரேட்டைத் திறந்து வழக்கம்போலக் கூப்பிடத் தொடங்கினார். எல்லோரையும் வெறும் பெயரால்தான் கூப்பிட்டார். அம்மாவின் முறை வந்தபோது ஒரு கணம் நிறுத்தி, 'திருமதி கருப்பம்மா' என்றார். அம்மா கையைத் தூக்க மறந்துபோனாள். பக்கத்தில் நின்ற மரியகொரட்டி அக்கா அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மரியகொரட்டி அக்கா முப்பது வருஷமாக அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவள். நான் இன்னொரு பக்கத்தில் போய் நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ வரிசையில் நின்றிருக்கிறேன்; பட்டம் வாங்கவும் நின்றிருக்கிறேன். இந்த வரிசையில் நின்றபோது வந்த பெருமை எதிலும் வந்ததில்லை. அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அம்மா மலைக்கு ஏறினாள். நானும் கூடவே ஏறினேன். அவள் என்னோடு அதிகம் பேசவில்லை, ஆனால் நிமிர்ந்து நடந்தாள். கடைசி நாள்தானே, மெதுவாகப் பறிக்கலாமே என்று ஒருத்தி சொன்னதற்கு, கொழுந்துக்குக் கடைசி நாள் தெரியுமா என்று கேட்டுவிட்டு, வழக்கத்தைவிட வேகமாகக் கையை ஓட்டினாள். நானும் கொஞ்சம் பறித்துப் பார்த்தேன். முற்றல் இலையைப் பறிக்கிறேன் என்று கையில் ஓர் அடி போட்டாள்.

பகல் நிறுவைக்குக் கொழுந்தைச் சுமந்துகொண்டு எல்லோரும் இறங்கினார்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தராசில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். கழிக்கிற அளவு நிறுக்கிறவர் மனசைப் பொறுத்தது. அன்றைக்கு நிறுக்கிற பையன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, தராசு முள் நிற்கும்வரை காத்திருந்து நிறுத்தான். கழித்ததும் சாக்கின் எடை மட்டும்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். பொம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நிறுவை முடிந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது, நான் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை அம்மா பிரித்து எல்லோருக்கும் பங்கு வைத்தாள். மரியகொரட்டி அக்காவுக்குக் காலையிலிருந்தே ஒரு சந்தேகம்.

"நெசமாவா கருப்பம்மா? ஒம் மக இங்க சும்மா நிக்கிறதுக்கா கவர்மெண்டுல சம்பளம்?"

அம்மா வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினாள். முந்தின ராத்திரி தலையில் கை வைத்தவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"சும்மாவா நிக்கிறா? எவனும் சும்மா நிக்கச் சம்பளம் குடுக்க மாட்டான். நாப்பத்திரெண்டு வருசம் வேலை செஞ்சவ இன்னையோட போறா, கூட நின்னு அனுப்பி வச்சிட்டு வான்னு கவர்மெண்டுதான் இவள அனுப்பியிருக்கு. கடுதாசியில எம் பேரு இருக்கு. நீயுந்தான கேட்ட."

மரியகொரட்டி அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்படியா பாப்பா?"

படிவத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தாலும் திருப்பிக் கொடுக்கிற ஆள் நான். கெஷுவல் லீவு என்றால் என்ன, அது யார் யாருக்கு எத்தனை, அதைக் கேட்டது நான்தான், யாரும் அனுப்பவில்லை என்று எல்லாவற்றையும் விளக்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதில் எந்த இடத்தில் பிழை என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

"ஆமாங்கக்கா. அதுக்குத்தான் அனுப்பினாங்க."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வார வருசம் ஜூன் பத்தொம்பதோட வேலை முடியுது," என்றாள். "மகன் கொழும்புல கடையில நிக்கிறான், அவனுக்கு லீவு குடுக்க மாட்டாங்க. நீ கவர்மெண்டுல சொல்லி எழுதி வாங்கிட்டு வா பாப்பா. எம் பேருக்கும் திருமதி போடச் சொல்லு."

நான் அந்த இடத்திலேயே போனை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.